கல்லீரல் நோயாளிகளுக்குப் பித்தப்பை அறுவை: எப்போது, எவ்வாறு, எங்கே?

வெளிநோயாளர் பிரிவில் வாரத்திற்கு ஒருமுறையேனும் நான் காணும் காட்சி இது. நோயாளி ஒருவர் தம் மனைவியுடனோ மகனுடனோ வந்து அமர்கிறார். கையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறிக்கை. அதன் இறுதியில் இரண்டு வரிகள். ஒன்று, கல்லீரல் சுருக்கம். மற்றொன்று, பித்தப்பையில் கற்கள். உறவினர் ஒருவர், "கல்லை உடனே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பித்தப்பை வெடித்துவிடும்" என்று கூறியிருப்பார். இன்னொருவர், "ஈரல் கெட்டவர்களுக்குக் கத்தி வைக்கவே கூடாது" என்று எச்சரித்திருப்பார். இரண்டையும் கேட்டுக் குழம்பிய குடும்பம் என் முன் வைக்கும் கேள்வி ஒன்றுதான்: "டாக்டர், எடுக்க வேண்டுமா, வேண்டாமா?"

இக்கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒற்றை விடை இல்லை. எனினும் விடையைத் தேடும் முறை ஒன்று உண்டு. அம்முறையையே இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன். என் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன். தொல்லை தராத கல்லை, கல்லீரல் சுருக்கம் உள்ளவரிடமிருந்து வலிந்து எடுக்க வேண்டியதில்லை. தொல்லை தந்துவிட்ட கல்லை, கல்லீரல் வலுவுடன் இருக்கும் காலத்திலேயே எடுத்துவிட வேண்டும். முன்னதில் நாம் காட்டும் அவசரமும், பின்னதில் நாம் காட்டும் தயக்கமும் நோயாளிகளுக்குப் பெருந்துன்பம் விளைவிப்பதைக் கண்டிருக்கிறேன்.

கல் ஏன் உண்டாகிறது?

கல்லீரலின் அடிப்புறத்தில் ஒட்டியுள்ள சிறு பையே பித்தப்பை. அதன் நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர். ஏறத்தாழ 50 மில்லி பித்தநீரை அது கொள்ளும். கல்லீரல் சுரக்கும் பித்தநீரில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்து, அடர்த்தியாக்கி, கொழுப்புள்ள உணவு குடலுக்குள் வரும்போது வெளியேற்றுவது அதன் பணி. இப்பையை அகற்றினாலும் பித்தநீர் நேரடியாகக் குடலுக்குச் சென்றுவிடும். பெரும்பாலோர் இயல்பாக உண்டு வாழ்வர். கல்லீரல் இல்லாமல் வாழ இயலாது. ஆகவே, இவ்விரண்டிலும் நோய் இருக்கும்போது எதைக் காக்க வேண்டும் என்பதில் ஐயம் வேண்டாம். எந்த முடிவும் கல்லீரலைக் காப்பதாகவே அமைய வேண்டும்.

கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களிடையே பித்தப்பைக் கற்கள், மற்றவர்களிடம் காணப்படுவதைவிட இரண்டு மடங்கேனும் மிகுதி. இதற்குக் காரணம் உண்டு. கல்லீரல் இறுகும்போது குடலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடுகிறது. அதனால் மண்ணீரல் வீங்கி, இரத்தச் சிவப்பணுக்களை உரிய காலத்திற்கு முன்பே அழிக்கிறது. அவ்வாறு வெளிப்படும் நிறமிகள் பித்தநீரில் சேர்ந்து கற்களாகின்றன. பித்தப்பை நன்கு சுருங்கி விரியாததும் இதற்குத் துணை செய்கிறது. இக்கற்கள் பெரும்பாலும் கறுப்பு நிற நிறமிக் கற்கள். கல்லைக் கரைப்பதற்காகத் தரப்படும் மாத்திரைகள் கொழுப்பினாலான சிறு கற்கள் சிலவற்றையே கரைக்கக்கூடியவை; நிறமிக் கற்களை அவை கரைப்பதில்லை. மாதக் கணக்கில் அம்மாத்திரையை வாங்கி உண்டு, கல் கரைந்துவிட்டதா என்று மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போர் இதனை அறிந்துகொள்ள வேண்டும்.

பேசாத கல்லும் பேசும் கல்லும்

பித்தப்பைக் கல் உள்ளவர்களுள் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் அதனால் எத்தொல்லையும் வருவதில்லை. தொல்லையின்றி இருக்கும் நூறு பேரைக் கவனித்தால், ஓராண்டில் ஒருவர் முதல் நால்வர் வரைக்கும் மட்டுமே வலி தோன்றும். ஆகவே, ஸ்கேனில் கல் தெரிந்தது என்பது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. பித்தப்பையில் 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சதை வளர்ச்சி இருந்தாலோ, புற்றுநோய் குறித்த ஐயம் இருந்தாலோ அது வேறு கதை. அதைத் தனியே ஆராய வேண்டும்.

எது கல்லினால் வரும் வலி என்பதையும் தெளிவாக அறிய வேண்டும். வலப்புற விலா எலும்பின் கீழோ மேல்வயிற்றின் நடுவிலோ தோன்றி, அரைமணி நேரத்திற்கு மேல் நின்று, சில மணி நேரம் வரை நீடிக்கும் கடும் வலி. வலத் தோள்பட்டையின் பின்புறம் வரை பரவுவது. சில வேளைகளில் வாந்தியுடன் வருவது. நெய்ச்சோறு, எண்ணெய்ப் பலகாரம் போன்றவற்றை உண்டபின் பெரும்பாலும் இரவில் வருவது. இவை கல்லின் அடையாளங்கள். ஏப்பம், வயிற்று உப்புசம், பசியின்மை ஆகியவற்றைக் கல்லின் மீது சுமத்துவது பொருந்தாது. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு வயிறு கனப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம். இரைப்பையின் உட்சுவரில் இரத்தத் தேக்கம் இருக்கலாம். பித்தப்பையை எடுத்தாலும் அத்தொல்லைகள் தீரா.

இங்கே மற்றுமொரு மயக்கம் நேர்வதுண்டு. ஸ்கேன் அறிக்கையில் 'பித்தப்பைச் சுவர் தடித்துள்ளது' என்ற வரியைக் கண்டதும், பித்தப்பை அழற்சி என்று முடிவுகட்டி அவசர அறுவைக்கு அனுப்பப்படுவோர் உண்டு. கல்லீரல் சுருக்கத்தில் இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் குறைவதாலும், சிரை அழுத்தம் கூடுவதாலும் பித்தப்பைச் சுவரில் நீர் ஊறி அது தடித்துத் தோன்றலாம். அழற்சி ஏதும் இல்லாமலேயே இவ்வாறு நிகழும். சென்ற ஆண்டு அறுபது வயது அம்மையார் ஒருவர் இத்தகைய அறிக்கையுடன், மறுநாள் அறுவை என்று நாள் குறிக்கப்பட்ட நிலையில், இரண்டாம் கருத்துக் கேட்க வந்தார். காய்ச்சல் இல்லை. வலப்புற வயிற்றை அழுத்தினால் வலி இல்லை. வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் இயல்பாகவே இருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது வயிற்று நீரைக் குறைக்கும் மருந்தும், உப்புக் குறைந்த உணவும். மூன்று மாதங்களுக்குப் பின் எடுத்த ஸ்கேனில் சுவரின் தடிப்புக் குறைந்திருந்தது. கல் அங்கேயே இருந்தது. இன்றளவும் அது அவரைத் தொல்லை செய்யவில்லை.

கல்லீரலின் கையிருப்பு

'கல்லீரல் நோய்' என்ற ஒரே பெயரால் வழங்கினும், எல்லா நோய்களும் ஒரு தன்மையன அல்ல. சாதாரணக் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள், அந்த ஒரு காரணத்திற்காகவே பித்தப்பை அறுவையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வைரஸ் தொற்றாலோ மதுவாலோ கல்லீரல் திடீரென வீங்கி மஞ்சள் காமாலை உள்ள நிலையில், உயிர்காக்கும் அவசரம் இருந்தாலன்றி, எந்த அறுவையையும் தள்ளிவைக்க வேண்டும். இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்டது கல்லீரல் சுருக்கம். அதிலும் நிலைகள் உண்டு.

1964-இல் சைல்டு, டர்காட் என்னும் மருத்துவர்கள் வகுத்து, 1973-இல் பியூவும் உடன் பணியாற்றியோரும் திருத்தியமைத்த மதிப்பெண் முறையை இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். ஐந்து செய்திகளை அது கணக்கில் கொள்கிறது. இரத்தத்தில் பிலிருபின் அளவு, அல்புமின் அளவு, இரத்தம் உறைய எடுக்கும் நேரம், வயிற்றில் நீர் கோத்துள்ளதா, மனக்குழப்பமோ மிகுதியான உறக்கமோ உள்ளதா என்பனவே அவை. 5 அல்லது 6 மதிப்பெண் பெற்றால் 'ஏ' நிலை. 7 முதல் 9 வரை 'பி' நிலை. 10 முதல் 15 வரை 'சி' நிலை. பள்ளித் தேர்வுக்கு மாறாக, இங்கே மதிப்பெண் குறைவாக இருப்பதே நன்று. பிலிருபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இரத்த உறைவின் அளவான ஐ.என்.ஆர். ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் 'மெல்டு' என்ற மற்றொரு மதிப்பெண்ணும் உண்டு.

இம்மதிப்பெண்ணுக்கு ஏன் இவ்வளவு முதன்மை? 1980-களிலும் 1990-களிலும் வெளிவந்த ஆய்வுகளில், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்குச் செய்யப்பட்ட வயிற்று அறுவைகளை மொத்தமாக நோக்கியபோது, 'ஏ' நிலையில் நூற்றுக்குப் பத்துப் பேரும், 'பி' நிலையில் முப்பது பேரும், 'சி' நிலையில் எண்பது பேர் அளவிலும் இறந்தனர். அவை எல்லா வகை வயிற்று அறுவைகளையும், அவசரமாகச் செய்யப்பட்டவற்றையும் சேர்த்துக் கண்ட கணக்குகள். இன்றைய நிலைமை மேம்பட்டுள்ளது. திட்டமிட்டுச் செய்யும் பித்தப்பை அறுவையில், 'ஏ' நிலை நோயாளிக்கு இவ்வளவு ஆபத்து இல்லை. எனினும் இம்மூன்று படிகளுக்கும் இடையே உள்ள ஏற்றம் இன்றும் மாறவில்லை. ஒரே கல், ஒரே அறுவை, ஒரே மருத்துவர். ஆயினும் நோயாளியின் கல்லீரலில் எவ்வளவு கையிருப்பு உள்ளது என்பதைப் பொறுத்து முடிவு வேறாகிறது.

நான் கற்றுக்கொண்ட பாடம்

அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி, ஒருவரைப் பற்றிக் கூற விரும்புகிறேன். ஐம்பது வயதைக் கடந்தவர். மளிகைக் கடை நடத்தியவர். மதுவினால் வந்த கல்லீரல் சுருக்கம். மதுவை முற்றிலும் விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மதிப்பெண் 6, அதாவது 'ஏ' நிலை. உறவினர் இல்லத் திருமணத்தில் விருந்துண்ட அன்றிரவு அவருக்கு முதன்முறையாகப் பித்தப்பை வலி வந்தது. அடுத்த ஐந்து மாதங்களில் மேலும் இருமுறை வந்தது. கல் பேசத் தொடங்கிவிட்டது.

அறுவை மருத்துவர் தயங்கினார். குடும்பத்தினர் அஞ்சினர். அப்போது நான் பணியாற்றிய மருத்துவமனையில் அவருடைய கல்லீரலைக் கவனித்துவந்தவன் நான். "சற்றுப் பொறுத்துப் பார்ப்போம், மீண்டும் வலி வந்தால் முடிவு செய்வோம்" என்று கூறினேன். அன்று அது எச்சரிக்கையான அறிவுரையாகவே எனக்குத் தோன்றியது. அடுத்த வலி ஓராண்டிற்கும் மேலாகிய பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில், குளிர்காய்ச்சலுடன் வந்தது. இடைப்பட்ட காலத்தில் கல்லீரல் நலிந்திருந்தது. வயிற்றில் நீர்; கண்களில் மஞ்சள்; பித்தப்பையில் சீழ். மதிப்பெண் 11. அந்நிலையில் அறுவையைத் தாங்கும் வலிமை அவருக்கு இல்லை. தோல் வழியாகக் குழாய் செலுத்திச் சீழை வடித்தோம். தொற்று அடங்கியது, கல்லீரல் மீளவில்லை. நான்கு மாதங்களில் அவர் காலமானார்.

பின்னர் ஒருநாள் சான்றிதழ் ஒன்றுக்காக வந்த அவர் மனைவி, "அன்றைக்கே எடுத்திருந்தால் இருந்திருப்பாரா, டாக்டர்?" என்று கேட்டார். "உறுதியாகச் சொல்ல முடியாதம்மா, ஆனால் எடுத்திருக்கலாம்" என்றேன். கல்லீரல் நோய் தன் போக்கில் முற்றியும் இருக்கலாம். ஆயினும் அறுவைக்கு ஏற்ற காலம் ஒன்று இருந்தது. அது முடியும் வரை நாங்கள் காத்திருந்தோம். அதற்குப் பின், 'பொறுத்துப் பார்ப்போம்' என்ற சொல்லை, எதுவரை, எதை எதிர்பார்த்து என்று நோயாளியிடம் விளக்காமல் நான் பயன்படுத்துவதில்லை.

நம் முன் உள்ள வழிகள்

பித்தப்பையை அகற்றும் அறுவையை முதன்முதலில் 1882-இல் பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் என்னும் மருத்துவர் செய்தார். அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாக வயிற்றைத் திறந்தே அது செய்யப்பட்டுவந்தது. 1985-இல் ஜெர்மனியின் எரிக் மூஹே, சிறு துளைகளின் வழியே லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார். இம்முறை விரைவில் உலகெங்கும் பரவியபோதும், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று என்ற எண்ணமே முதலில் நிலவியது. 1992-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் மாநாடும், முற்றிய கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களை இம்முறைக்குப் பொதுவாக உகந்தவர்கள் அல்லர் என்றே குறித்தது. அடுத்து வந்த ஆண்டுகளின் அனுபவம் 'ஏ', 'பி' நிலை நோயாளிகளைப் பொறுத்தவரை அவ்வெண்ணத்தை மாற்றியது. வயிற்றைத் திறப்பதைவிடச் சிறு துளை அறுவையில் இவர்களுக்கு இரத்த இழப்புக் குறைவு. காயத்தில் சீழ் பிடிப்பது குறைவு. மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறைவு. இன்று இவர்களுக்கு அறுவை தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பியே முதல் தெரிவு.

ஆனால் இது வழக்கமான லேப்ராஸ்கோப்பி அன்று. போர்ட்டல் சிரையின் அழுத்தத்தால் தொப்புளைச் சுற்றியும் வயிற்றுச் சுவரிலும் இரத்த நாளங்கள் புடைத்திருக்கும். எனவே முதல் துளையை எங்கே இடுவது என்பதையே முன்கூட்டி ஸ்கேன் பார்த்துத் திட்டமிட வேண்டும். கல்லீரல் கடினமாக இருப்பதால் அதைத் தூக்கிப் பிடிப்பது எளிதன்று. பித்தப்பை ஒட்டியுள்ள கல்லீரல் பரப்பிலிருந்து இரத்தம் கசியும். இக்காரணத்தால், பித்தப்பையின் பின்சுவரைக் கல்லீரலோடு ஒட்டியபடியே விட்டு, கற்களையும் ஏனைய பகுதியையும் மட்டும் அகற்றும் பகுதி நீக்க அறுவையை மருத்துவர் மேற்கொள்ளலாம். அறுவைக்குப் பின், "முழுதாக எடுக்கவில்லையாமே" என்று குடும்பத்தினர் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். வருந்தத் தேவையில்லை. உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கையும் பித்தநாளக் காயத்தையும் தவிர்க்கும் பொருட்டு எடுக்கப்படும் நல்ல முடிவு அது. சில நாள்கள் பித்தநீர் கசியலாம். அதைக் கையாள வழிகள் உண்டு. அவ்வாறே, லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி வயிற்றைத் திறந்து முடிக்க நேர்வதும் தோல்வி ஆகாது.

'சி' நிலையில் உள்ளவர்களுக்கு அறுவையை இயன்றவரை தவிர்க்கவே முயல்கிறோம். பித்தப்பையில் தொற்று ஏற்பட்டால் முதலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தரப்படும். அது போதாதபோது சீழை வடிப்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஸ்கேன் உதவியுடன் தோல் வழியாகப் பித்தப்பைக்குள் மெல்லிய குழாய் செலுத்துவது. வயிற்றில் நீர் மிகுந்திருந்தால் இதில் இரத்தப்போக்கும் கசிவும் நேரக்கூடும். எனவே பெரும்பாலும் நீரை முதலில் வடிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, வாய்வழி எண்டோஸ்கோப்பி செலுத்தி, பித்தநாளத்தின் வழியாகப் பித்தப்பைக்குள் சிறு ஸ்டென்ட் வைப்பது. வயிற்றுநீர் உள்ளவர்களுக்கு இம்முறை பயன்தரும். மூன்றாவது, எண்டோஸ்கோப்பியின் முனையில் அமைந்த அல்ட்ராசவுண்ட் துணையுடன் இரைப்பையிலிருந்தோ சிறுகுடலிலிருந்தோ நேரே பித்தப்பைக்கு உலோக ஸ்டென்ட் வழியாகப் பாதை அமைப்பது. வயிற்றுநீர் மிகுந்தவர்களுக்கு இது பொதுவாகப் பொருந்தாது. பித்தநாளத்திற்குள் கல் இறங்கி அடைத்துக்கொண்டால், அதை எண்டோஸ்கோப்பி மூலமாகவே அகற்ற இயலும்.

கல்லீரல் மாற்று அறுவைக்குப் பதிவு செய்து காத்திருப்போர் ஒன்றை நினைவிற்கொள்ளலாம். மாற்று அறுவையின்போது பழைய கல்லீரலுடன் அதில் ஒட்டியுள்ள பித்தப்பையும் சேர்த்தே அகற்றப்படும். ஆகவே, அத்தகையோருக்குக் கல்லுக்காக மட்டும் முன்னதாக ஓர் அறுவை செய்வது பெரும்பாலும் தேவையற்றது.

எங்கே செய்துகொள்வது?

கல்லீரல் நலமாக உள்ளவருக்குப் பித்தப்பை அறுவையை ஊரின் சிறு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம். மறுநாள் வீடு திரும்பலாம். கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு அவ்வாறு அறிவுறுத்த மாட்டேன். கல்லீரல் நோய் மருத்துவர், கல்லீரல் அறுவையில் பழகிய அறுவை மருத்துவர், இந்நோயாளிகளைக் கையாண்ட மயக்கவியல் மருத்துவர், இரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு, இரவிலும் எண்டோஸ்கோப்பி செய்யும் வசதி ஆகியவை ஒரே கூரையின்கீழ் இருக்குமிடமே தகுந்தது. அங்கே செல்வதற்குப் பயணமும் செலவும் கூடுதலாகும் என்பதை அறிவேன். ஆயினும் சிறு மருத்துவமனையில் அறுவை முடிந்து, இரண்டாம் நாள் மயங்கிய நிலையில் ஆம்புலன்சில் நெடுந்தொலைவு வரும் நோயாளிக்கு ஆகும் செலவு அதனினும் பெரிது. அது பணத்தால் மட்டும் அளக்கக்கூடிய செலவும் அன்று.

'ஐ.என்.ஆர். கூடியிருக்கிறது, அதனால் பத்துப் பாட்டில் பிளாஸ்மா ஏற்றிவிட்டு அறுவை செய்வோம்' என்ற பழைய பழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். கல்லீரல் சுருக்கத்தில் ஐ.என்.ஆர். எண் மட்டும் இரத்தப்போக்கின் அபாயத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. தேவையின்றி ஏற்றப்படும் பிளாஸ்மா, சிரையின் அழுத்தத்தைக் கூட்டி, இரத்தப்போக்கையே மிகுதியாக்கக்கூடும். இரத்தம் ஏற்றுவதா, எதை, எவ்வளவு என்பதை அனுபவமுள்ள குழு முடிவு செய்யட்டும். இரத்தக்கொடையாளர்களைத் தேடி ஓடுவதற்கு முன் குடும்பத்தினர் அக்குழுவிடம் கேட்டறிய வேண்டும்.

அறுவைக்கு முந்தைய வாரங்கள்

திட்டமிட்ட அறுவையின் பெரும்பயன், தயாராவதற்குக் காலம் கிடைப்பதே. இக்காலத்தில் குடும்பத்தினரின் பங்கு மருத்துவரின் பங்கிற்குக் குறைந்ததன்று.

மதுவை முற்றிலும் நிறுத்த வேண்டும். 'எப்போதாவது ஒருமுறை' என்பதற்கும் இடமில்லை. உணவில் புரதத்தைக் குறைக்கக்கூடாது. மஞ்சள் காமாலை வந்தவருக்கு மோர்சோறும் இட்லியும் மட்டுமே என்ற பத்தியம் நம் வீடுகளில் வேரூன்றியுள்ளது. கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை உங்கள் மருத்துவர் கூறும் அளவில் தரலாம். இரவு உணவோடு நிறுத்தாமல், உறங்கும் முன் சிறிதளவு ஏதேனும் உண்பது தசை கரைவதைத் தடுக்கும். வயிற்றில் நீர் உள்ளவர்கள் ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

வலி வந்ததும் மருந்துக்கடையில் டைக்ளோபினாக், ஐபூப்ரோபென் போன்ற மாத்திரைகளை வாங்கி விழுங்குவது மிகுந்த தீங்கு பயக்கும். அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும், இரத்தப்போக்கையும் தூண்டும். பாரசிட்டமாலைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் இந்நோயாளிகளுக்கு அதுவே பாதுகாப்பானது. ஆனால் நாளொன்றுக்கு மொத்தம் 2 கிராமைத் தாண்டக்கூடாது. கீழாநெல்லி உள்ளிட்ட எந்த நாட்டு மருந்தை உட்கொண்டாலும் எங்களிடம் மறைக்காதீர்கள். நாங்கள் கடிந்துகொள்வோம் என்று அஞ்சி மறைப்பவர்கள் உண்டு. அந்த அச்சத்தை உண்டாக்கியதில் எங்களுக்கும் பங்குண்டு.

நோய்க்கு அடிப்படைக் காரணத்தையும் இவ்வேளையில் கவனிக்க வேண்டும். ஹெப்படைட்டிஸ் சி தொற்றைப் பெரும்பாலோரிடம் சில மாத மாத்திரைகளாலேயே குணப்படுத்த முடியும். ஹெப்படைட்டிஸ் பி தொற்றைக் கட்டுக்குள் வைக்கவும் மருந்துகள் உண்டு. 2018-இல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இம்மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. மதுவை விட்டும், உரிய மருந்து உட்கொண்டும் 'பி' நிலையிலிருந்து 'ஏ' நிலைக்கு வந்தபின் நலமாக அறுவை செய்துகொண்டவர்கள் பலர்.

ஒரு மாற்றுக் கருத்து

என் நண்பர்களான அறுவை மருத்துவர்கள் சிலர் இவ்வாறு வாதிடுவர்: "கல்லீரல் நாளடைவில் நலியத்தான் போகிறது, பின்னர் அவசரத்தில் செய்வதைவிட, 'ஏ' நிலையில் இருக்கும்போதே, வலி வராவிட்டாலும் எடுத்துவிடலாமே?" இவ்வாதத்தில் வலு இருக்கிறது, நான் மேலே கூறிய நோயாளியை எண்ணும்போது அது என்னையும் அசைக்கிறது. ஆயினும் நான் உடன்படவில்லை. வலி தராத கல் உள்ளவர்களுள் மிகச் சிலருக்கே ஆண்டுதோறும் தொல்லை வருகிறது. அச்சிலரைக் காப்பதற்காக எல்லாரையும் மயக்க மருந்துக்கும் கத்திக்கும் உட்படுத்தினால், தொல்லையே வந்திராத ஒருவரின் கல்லீரல் அறுவையால் நலிவடையக்கூடும். முதல் வலியே கல் தரும் அறிவிப்பு. அவ்வறிவிப்பைக் கேட்டவுடன், அடுத்த வலிக்குக் காத்திராமல், வாரக் கணக்கில் முடிவெடுப்பதே சரியான இடைவழி என்பது என் துணிபு. எனவே, வலி இல்லாதவர்களும் தங்கள் நிலை எது என்பதை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அறிந்து வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் முதல் வலி வரும் நாளில் தடுமாற்றம் இராது.

மருத்துவரிடம் கேளுங்கள்

அடுத்தமுறை வரும்போது, கீழ்க்காணும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துவாருங்கள்.

1. எனக்கு உள்ள தொல்லை உண்மையில் கல்லினால்தானா?

2. என் கல்லீரல் 'ஏ', 'பி', 'சி' ஆகியவற்றுள் எந்த நிலையில் உள்ளது? அதை மேம்படுத்த இயலுமா?

3. அறுவை செய்தால் எனக்கு என்ன ஆபத்து? செய்யாவிட்டால் என்ன ஆபத்து?

4. இங்கே இத்தகைய நோயாளிகளுக்கு அறுவை செய்த அனுபவம் உள்ளதா? இல்லையெனில் எங்கே செல்ல வேண்டும்?

5. காத்திருப்பது என்றால் எதுவரை? எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும்?

ஐந்தாம் கேள்வியில் ஒரு பகுதிக்கு இப்போதே விடை கூறிவிடுகிறேன். குளிர்காய்ச்சல், கண்களில் மஞ்சள், சில மணி நேரத்தில் அடங்காத வலி, தடுமாறும் பேச்சு, பகலில் மிகுதியான உறக்கம், இரத்த வாந்தி, கறுத்த மலம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், நேரம் பாராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது பழைய அறிக்கைகள் அனைத்தையும் கொண்டுவாருங்கள். வந்தவுடன், "இவருக்குக் கல்லீரல் சுருக்கம் உள்ளது" என்பதை முதல் வார்த்தையாகக் கூறுங்கள்.

இக்கேள்விகளைக் கேட்பதால் எந்த மருத்துவரும் சினம் கொள்ள மாட்டார், கொள்ளவும் கூடாது. வலி இல்லாத ஒரு பகல்பொழுதில், நோயாளியும் குடும்பத்தினரும் மருத்துவரும் அமர்ந்து பேசி எடுக்கும் முடிவு, நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நின்று எடுக்கும் முடிவைவிட நன்றாகவே அமையும். அத்தகைய உரையாடலுக்கு எங்கள் பிரிவின் கதவு திறந்தே இருக்கிறது.